மண் பிசையப் போறீங்களா? கொஞ்சம் இப்படி உட்காருங்க!

கோடை விடுமுறை வந்தால் முன்பெல்லாம் டைப்ரைட்டிங், இந்தி, நீச்சல் என்று பிள்ளைகளை எங்காவது சேர்த்துவிடுவோம். இப்போது அந்தப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 'இரண்டு நாள் மண்பாண்டப் பயிலரங்கம்', 'ஒரு வாரம் தங்கிக் கற்கும் நெசவு முகாம்', 'சனி-ஞாயிறு மரச் செதுக்கு வகுப்பு'... இப்படி. பிள்ளைகள் மட்டும் போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் அம்மா, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்ட இளைஞர் எல்லோரும் போகிறார்கள்.

போவதற்கு முன்னால் என் சிகிச்சை நிலையத்துக்கும் சிலர் வருகிறார்கள். "டாக்டர், எனக்கு சுகர் இருக்கு. சேத்துல காலை வைக்கலாமா?" "பொண்ணுக்குப் பரீட்சை டென்ஷன். அனுப்பினா மனசு லேசாகும்னு சொல்றாங்களே, நிஜமா?" "போன தடவை போயிட்டு வந்து மூணு நாளு மணிக்கட்டைத் தூக்க முடியலை..." எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை. எல்லாக் கைத்தொழிலையும் எடுத்தால் பத்திரிகை முழுக்க எனக்கே வேண்டியிருக்கும். மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதுக்கோட்டைக்காரன் மண்ணைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

எங்கள் மாவட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். காரைக்குடி சாலையில் நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் வரிசை வரிசையாக மண் குதிரைகள் நிற்கும். இளங்குடிப்பட்டியிலும் அப்படித்தான். புதியது முன்னால், பழையது பின்னால், அதற்கும் பின்னால் உடைந்து மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருப்பவை. இவற்றைச் செய்கிறவர்கள் வேளார்கள். பல ஊர்களில் அய்யனாருக்குப் பூசை செய்கிறவர்களும் அவர்களே. திருவிழா முடிவானதும் ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் 'பிடிமண்' கொடுப்பார்கள். அந்த ஒரு பிடி மண்தான் ஆர்டர், அட்வான்ஸ் எல்லாம்! அதற்குப் பிறகு குதிரைகள் உருவாகி, சுடப்பட்டு, வண்ணம் பூசி, கண் திறந்து, 'புரவி எடுப்பு' அன்று ஊரே தோளில் சுமந்துகொண்டு போகும்.

ஆள் உயரக் குதிரையை சக்கரத்தில் செய்ய முடியாது. முதலில் நான்கு கால்கள், நான்கு குழாய்கள் மாதிரி. அது கொஞ்சம் இறுகிய பிறகுதான் மேலே வயிறு. மண்ணைக் கயிறு போல உருட்டி வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை வைத்துத் தட்டிக்கொண்டே ஏற வேண்டும். அவசரப்பட்டால் கால் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். மண்ணில் மணலும் உமியும் கலப்பார்கள். உமி சூளையில் எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். அதனால் இத்தனை கனமான மண்ணும் காயும்போதும் வேகும்போதும் வெடிக்காது. இதையெல்லாம் எந்தப் புத்தகமும் வேளாருக்குச் சொல்லித் தரவில்லை. அப்பா மண் மிதிப்பதைப் பார்த்து மகன் மிதித்தான், அவ்வளவுதான். இப்போது பல வீடுகளில் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அப்பாவுக்கு வயது எழுபது.

தங்கிக் கற்றுக்கொள்வது என்பது புதிய நாகரிகம் ஒன்றும் அல்ல. அமெரிக்காவில் வட கரோலினா மலைப் பகுதியில் லூசி மார்கன் என்ற அம்மையார் 1929-ல் தொடங்கிய பென்லாண்ட் கைவினைப் பள்ளியில் இன்றும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தங்கிக் கற்கலாம். சாப்பாடு, படுக்கை, பட்டறை எல்லாம் ஒரே வளாகத்தில். நம் பக்கத்தில், 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இருவர் புதுச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். அங்கே மாதக்கணக்கில் தங்கிப் பயின்று இந்தியா முழுக்கப் பட்டறை வைத்தவர்கள் பலர். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் போகிறவர்கள் குயவர் பக்கத்தில் உட்கார்ந்து கையை நனைத்துப் பார்க்கலாம். ஆக, வழிகள் பலவிதம். ஒரு மணி நேரமும் உண்டு, ஆறு மாதமும் உண்டு.

சரி, மருத்துவத்துக்கு வருகிறேன்.

கைக்குள் என்ன நடக்கிறது?

சுழலும் சக்கரத்தின் நடுவில் ஒரு மண் உருண்டையை வைத்து அதை ஆடாமல் நிறுத்துவதுதான் முதல் பாடம். பார்க்கச் சுலபம். உட்கார்ந்தால் தெரியும். அழுத்தினால் ஒரு பக்கம் பிதுங்கும், விட்டால் மறு பக்கம் ஆடும். முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை ஒரே சீராக விட்டு, கண்ணால் பார்ப்பதை விட்டு உள்ளங்கையால் 'கேட்க' ஆரம்பித்த பிறகுதான் அது அடங்கும். ஒரு முகாமில் பதினாறு வயதுப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு மண்ணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கற்றுக்கொடுத்த வேளார் சொன்னார்: "ஆத்தா, அதுகூட சண்டை போடாத. அது எங்க போகுதுன்னு கையை வச்சுப் பாரு, போதும்." அவர் சொன்னது நரம்பியல். என்ன, அவர் அதற்கு அந்தப் பெயர் வைக்கவில்லை!

மூளையின் மேற்பரப்பில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கனடாவின் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை நிபுணர் 1930-களில் இதை வரைபடமாகவே போட்டுக் காட்டினார். அந்தப் படத்தில் முதுகு முழுவதற்கும் கிடைத்த இடம் கொஞ்சம். கைக்கும் விரல்களுக்கும் கிடைத்த இடமோ தாராளம். பகல் முழுக்கக் கண்ணாடித் திரையை ஒரே விரலால் தேய்க்கிறவர்களுக்கு அந்தப் பெரிய இடத்தில் பாதி சும்மா கிடக்கிறது என்றே எனக்குத் தோன்றும். மண்ணில் ஈரம், சூடு, வழுவழுப்பு, மணலின் சொரசொரப்பு என்று பத்து விரலுக்கும் ஒரே நேரத்தில் வேலை. பக்கவாதத்துக்குப் பிறகு கையைப் பழக்கும் சிகிச்சையில் களிமண்ணையோ, பிசைந்த மாவையோ கொடுப்பது இதனால்தான்.

மன இறுக்கம் குறையுமா? 2016-ல் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பெரியவர்களிடம் காகிதம், மார்க்கர் பேனா, களிமண் முதலியவற்றைக் கொடுத்து 45 நிமிடம் இஷ்டப்படி செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற இறுக்க ஹார்மோனை அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்தவர், இல்லாதவர் என்று பெரிய வித்தியாசம் இல்லை. கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. 'களிமண் மன நோயைக் குணப்படுத்தும்' என்று யாராவது நோட்டீஸ் அடித்தால் நம்பாதீர்கள். தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் இருக்கும் பெண்ணுக்குத் தேவை மருத்துவர். முகாம் அதற்குப் பிறகு.

ஒரு விஷயம் இங்கே சொல்லியாக வேண்டும். சித்த மருத்துவத்தில் மண் வேலை தெரியாமல் பர்ப்பம், செந்தூரம் செய்ய முடியாது. மருந்தை அகலில் வைத்து, மேல் அகலால் மூடி, மண் குழைத்துப் பூசிய துணியை விளிம்பில் சுற்ற வேண்டும். இதுதான் 'சீலைமண்'. ஒரு சுற்று காய்ந்த பிறகே அடுத்த சுற்று. இப்படி ஏழு சுற்று வரை போவது உண்டு. பிறகு வரட்டி அடுக்கிப் புடம். காடைப் புடத்துக்கு ஒரு வரட்டி, கவுதாரிப் புடத்துக்கு மூன்று, கோழிப் புடத்துக்குப் பத்து என்று கணக்கு. சீலையில் முடி அளவு விரிசல் இருந்தாலும் மருந்து புகையாகப் போய்விடும். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த காலத்தில் இந்தச் செய்முறைக்கான சூத்திரங்களை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த மாணவர்களுக்குக்கூட மண் பதம் வருவதற்கு இரண்டு வருடம் பிடித்தது. தண்ணீர் எவ்வளவு என்று எந்த ஆசிரியரும் அளந்து சொன்னதில்லை. "தொட்டா ஒட்டணும், கையை எடுத்தா விட்டுடணும்" என்பார்கள். அதைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். (மண்ணை உடம்பில் பூசும் மண் குளியல் இயற்கை மருத்துவத்தைச் சேர்ந்தது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.)

தூசி... தூசி... தூசி!

மண் ஈரமாக இருக்கும்வரை நல்ல பிள்ளை. காய்ந்தால்தான் வம்பு. களிமண்ணிலும் அதோடு கலக்கும் மணலிலும் சிலிக்கா என்ற படிகம் இருக்கிறது. காய்ந்த மண்ணைப் பெருக்கும்போதும், பாத்திரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும், மாவு போன்ற மண்ணைச் சாக்கிலிருந்து கொட்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எழும்பி நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும். அங்கிருந்து வெளியே வராது. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். அதன் பெயர் சிலிகோசிஸ். வந்தபின் பழைய நிலைக்குத் திருப்ப எந்த வைத்தியத்திலும் மருந்து இல்லை. சித்த மருத்துவத்திலும் இல்லை. காச நோய் தொற்றும் ஆபத்தையும் இது கூட்டும்.

இரண்டு நாள் முகாமில் இது வந்துவிடுமா என்றால் வராது. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு இரண்டு மணி நேரத் தூசியே போதும், அன்று இரவு இழுப்பு வந்துவிடும். பிடித்துப்போய் வீட்டிலேயே சக்கரம் வாங்கி வைக்கிறவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். தரையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். மண் பட்ட உடுப்பை உதறாமல் தண்ணீரில் முக்குங்கள். படுக்கை அறையிலோ, சமையல் அறையிலோ பட்டறை வேண்டவே வேண்டாம். முகாமுக்குப் போனதும் முதலில் தரையைப் பாருங்கள். காய்ந்த மண் வெள்ளையாகப் படிந்து கிடந்தால், நடத்துகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தப்பாக நினைத்துக்கொள்ள மாட்டார், நினைத்தாலும் பரவாயில்லை. சூளை பற்ற வைக்கும்போது புகைக்கு எதிர்ப்பக்கம் நிற்பதும் இதே ஜாதி எச்சரிக்கைதான்.

பளபளப்பில் ஒளிந்திருப்பது

நம் ஊர்ச் சட்டி, பானைக்கு மேற்பூச்சு கிடையாது. மண், சூடு இரண்டே. நகரத்து முகாம்களில் கண்ணாடி மாதிரி மினுக்கும் மேற்பூச்சு போடக் கற்றுத் தருகிறார்கள். 'கிளேஸ்' என்கிறார்கள். 1200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சுடும் கல்மண் ஜாடிகளுக்கு (பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி ஞாபகம் இருக்கிறதா?) பளபளப்பு வர காரீயம் தேவையில்லை. குறைந்த சூட்டிலேயே மினுக்க வேண்டும் என்றபோதுதான் காரீயத்தைச் சேர்த்தார்கள். உலகம் முழுக்க நூற்றாண்டுக்கணக்கில் நடந்த விஷயம் அது. அந்தப் பாத்திரத்தில் புளிக்குழம்பு, தயிர், எலுமிச்சை ஊறுகாய் வைத்தால் புளிப்பு அந்தக் காரீயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும்.

காரீயம் உடம்பில் சேர்ந்தால் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், ரத்த சோகை, அசதி வரும். நாள்பட்டால் மணிக்கட்டு தொங்கிப்போகும். பெரியவர்களுக்கே இப்படி என்றால், வளரும் குழந்தைக்கு மூளை வளர்ச்சியையே பாதிக்கும். குழந்தைக்கு 'இந்த அளவு வரை பாதுகாப்பு' என்று ஓர் எல்லையே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. கர்ப்பிணியின் ரத்தத்தில் சேர்ந்தால் கருவுக்கும் போகும். அதனால் கர்ப்பிணிகள் மேற்பூச்சு கலக்கும் அறைப் பக்கமே போக வேண்டாம். மண் பிசைவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"டாக்டர், உங்க சாஸ்திரத்துலயே காரீயம் உண்டே?" என்று ஒரு ஆசிரியர் மடக்கினார். உண்டு. உண்டு என்பதால்தான் எங்களுக்கு அதன் மேல் பயமும் அதிகம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அது வேறு, காரீயம் வேறு. வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்கும் அநியாயமும் நடக்கிறது, அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

முகாமில் நீங்கள் செய்த கிண்ணத்துக்கு என்ன மேற்பூச்சு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதில் 'தெரியாது' என்றால் அதில் பேனா போட்டு வையுங்கள், பூச்செடி வையுங்கள். சாப்பாடு வேண்டாம். சுட்ட பிறகு மேலே பெயின்ட் அடித்த சட்டியும் அப்படித்தான்.

யாருக்கு என்ன கவனம்?

சர்க்கரை உள்ளவர்கள் மண் பிசையலாம், மிதிக்க வேண்டாம். கண்மாய் மண்ணில் கண்ணாடிச் சில்லு, கிளிஞ்சல், முள் எல்லாம் கிடக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குக் குத்தியது தெரியாது. மாலையில் ரத்தக்கறையைப் பார்த்துத்தான் தெரியும். ஈர மண்ணில் வாழும் ஒரு கிருமி புண் வழியாக உள்ளே போய் 'மெலியாய்டோசிஸ்' என்ற கடுமையான காய்ச்சலை உண்டாக்கும். சர்க்கரை நோயாளிகளைத்தான் அது அதிகம் தேடிப் பிடிக்கிறது. பித்தவெடிப்பு, நகச்சுற்று, ஆறாத கீறல் இருந்தால் ரப்பர் பூட்ஸ், கையுறை. மண் வேலைக்குப் பிறகு நாள் கணக்கில் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் மண்ணில் வேலை செய்ததைச் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் நோயைக் கண்டுபிடிக்க உதவும். தடுப்பு ஊசி (டெட்டனஸ்) போட்டு எத்தனை வருடம் ஆச்சு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு விஷயம்: ராத்திரியில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்படுகிறது என்று அர்த்தம். தைராய்டு குறைவு, சர்க்கரை, கர்ப்பம் இருப்பவர்களுக்கு இது கூடுதலாக வரும். அவர்கள் சக்கரத்துக்குப் போகாமல், கயிறு திரித்து அடுக்கிச் செய்யும் முறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அய்யனார் குதிரையே அப்படித்தானே பிறக்கிறது! மற்றவர்கள் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து கையை நீட்டி மடக்கினால் போதும். இரவில் நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒற்றடம் கொடுத்தால் இதமாக இருக்கும். மண் ஈரத்தை உறிஞ்சிக் கையை வறளச் செய்யும். கழுவிய உடனே நல்லெண்ணெயோ, தேங்காய் எண்ணெயோ தடவுங்கள்.

முழங்கால் வலிக்காரர்கள் தரைச் சக்கரத்தின் முன் குந்த வேண்டாம். ஸ்டூல் போட்ட மின் சக்கரம் கேளுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் கண் டாக்டர் சரி என்று சொல்லும்வரை காத்திருக்கட்டும். குனிந்த தலை, தூசி இரண்டும் ஆகாது. குடலிறக்கம் உள்ளவர்கள் மண் மூட்டையைத் தூக்கவே கூடாது.

எந்த முகாம்?

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், குளிர்சாதன ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, யாரோ தயார் செய்த மண்ணில் ஒரு கிண்ணத்தைத் திருப்பி, போட்டோ எடுத்துக்கொண்டு வருவதற்குப் பெயர் பொழுதுபோக்கு. தப்பில்லை. ஆனால் கற்றுக்கொண்டதாகச் சொல்லாதீர்கள். குறைந்தது ஐந்து நாள் வேண்டும். ஏன் என்றால், சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்த பானைக்கு நம் ஊர் முறையில் அடி இருக்காது. அது பாதி காய்ந்த பிறகு உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூட வேண்டும். பிறகு நிழலில் உலர வேண்டும். வெயிலில் வைத்தால் விரிசல். அதற்கும் பிறகு சூளை. இரண்டே நாளில் சுட்ட பாத்திரத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றால், நடுவில் எதையோ விட்டுவிட்டார்கள்.

பெரிய இடம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பக்கத்து ஊரில் வேளார் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பொங்கல், கார்த்திகை சமயத்தில் போகாதீர்கள், பானைக்கும் அகலுக்கும் அலைமோதும். மழைக் காலத்தில் அவருக்கே வேலை இருக்காது. மாசிக்குப் பிறகு போனால் நேரம் இருக்கும். 'ரெண்டு நாள் சும்மா பழகிக்கிறோம்' என்று இலவசமாகக் கேட்காதீர்கள். நகரத்து முகாமுக்குத் தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் கட்டத் தயங்காத நாம், வேளார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேரம் பேசுகிறோம். அவருக்கு மண் எடுப்பதே ஒரு போராட்டமாக இருந்தது. 2024-ல்தான் கண்மாய் மண் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே கொடுக்கும்படி அரசு விதியைத் தளர்த்தியது. முகாமுக்குக் கொடுக்கும் அதே தொகையை அவர் கையில் கொடுங்கள். அடுத்த தடவை போகும்போது மகனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

போகிற அன்று நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல் வீட்டிலேயே இருக்கட்டும். பழைய பருத்தி உடுப்பு. சர்க்கரை மாத்திரை போடுகிறவர் பையில் இரண்டு பிஸ்கட் இருக்கட்டும், மண்ணில் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும்.

கடைசியாக, வீட்டுக்குக் கொண்டுவந்த மேற்பூச்சில்லாத மண் சட்டியைப் பழக்கும் முறை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வையுங்கள். சட்டி 'சொய்ங்' என்று தண்ணீரைக் குடிக்கும். மறுநாள் அரிசி களைந்த தண்ணீரையோ, வடித்த கஞ்சியையோ ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க விடுங்கள். கஞ்சி அந்த நுண் துளைகளை அடைக்கும். ஆறிய பிறகு உள்ளே நல்லெண்ணெய் தடவிக் காய வைத்து, இப்படி இரண்டு மூன்று தரம் செய்யுங்கள். சோப்புத் தூள் போட்டுக் கழுவாதீர்கள், சட்டி அதையும் குடித்துவிடும். சாம்பலோ, சீயக்காயோ போதும். கழுவி ஈரத்தோடு கவிழ்த்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வெயிலில் நிமிர்த்தி வையுங்கள். முதல் வாரம் புளி சேர்க்காத கூட்டு, பருப்பு வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு மீன் குழம்போ, வத்தக் குழம்போ உங்கள் இஷ்டம்.